ஐம்பத்திரண்டு

மேல்வீட்டில் இன்று எது ஓடுகிறதென்று
கூரையே சொல்லிவிடும் எனக்கு.

டிவிடி என்றால் நெடுநேரம் மூச்சுப்பேச்சு இருக்காது.
யாரோ யாரிடமோ குசுகுசுக்கிறார்கள்,
இல்மார்ஸ் ஏற்றுகிறான், இன்னும் ஏற்றுகிறான்,
பிறகு ஒரு பாலம் வெடிக்கிறது
என் அலமாரிக் கண்ணாடிக் குவளைகளுக்குள்.

பழைய வீடியோ கேசட் என்றால் முனகல் மட்டும்,
இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கியதுபோல.
சாட்டிலைட் என்றால்
வெளிநாட்டுப் படத்தின் மேலேறி ஒற்றை ஆள்
காதலையும் கொலையையும் ஒரே குரலில்
லாட்விய மொழியில் வாசித்துக்கொண்டே போவான்.
அவனை எனக்குப் பிடிக்கும். கத்தமாட்டான்.
கத்துவதெல்லாம் விளம்பரங்கள்தான்.

லியபாயாவில் பிப்ரவரி.
மருந்துக்கடையில் எட்டு மணிநேரம்
ஊரின் இருமலைக் கேட்டுவிட்டு வருபவள் நான்.
வெந்நீர்க் குழாயருகே
ஒரு கரண்டி தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று தட்டு.
பதினோரு வருடத்தில்
அவர்களோடு அதிகம் பேசியது அந்தக் கரண்டிதான்.

நேற்று வேறு ஏதோ.
முதலில் காற்று. எங்கள் கடற்கரைக் காற்றேதான்,
ஆனால் சன்னலில் அல்ல, தலைக்கு மேலே.
கைக்கேமராவைச் செருகியிருக்கிறார்கள்.
நின்றது. பின்னால் ஓடியது.
மறுபடி காற்று, ஒரு படி உரக்க.
நின்றது.
நான்காம் முறை காற்றுக்கடியில் ஏதோ இருந்தது,
கோட்டுப்பையின் கிழிசலுக்குள் விழுந்த சாவிபோல.
ஐந்தாம் முறை
என் படுக்கைக்கு நேர் மேலே
ஓர் இளம் ஆண்குரல், இல்மார்ஸுடையது அல்ல:
"அணைச்சிட்டேனா? இன்னும் ஓடுதா?"

அவ்வளவுதான்.
நாற்காலி ஒன்று நகர்ந்தது.
ஆறாம் முறை போட்டார்கள்.

அப்புறம் டேப் தீர்ந்திருக்க வேண்டும்.
பெட்டி தானே சாட்டிலைட்டுக்குத் தாவ,
ஏற்றிவைத்த அதே ஒலியில்
பாத்திரம் துலக்கும் திரவம்! எலுமிச்சை மணம்!
இரண்டு வாங்கினால்
குவளைகள் கணீரென்றன. எங்கோ ஒரு நாய்.
கரண்டி என் கையில் இருந்தது,
எடுத்த நினைவே இல்லை.
தட்டவில்லை என்றால் பொய்.
ஒரு தட்டு. அதுவும் அரைத்தட்டு.

காலையில் படிக்கட்டில் இல்மார்ஸ்,
டிராம் ஓட்டும் சீருடை, தாடையில் சவரக் கீறல்.
மன்னிப்புக் கேட்கக் கையை எடுத்தவனின்
பையிலிருந்து ரிமோட் விழுந்தது.
அவசரத்தில் போனென்று எடுத்து வந்தானாம்.
அதன் முதுகில் ஒரு சீட்டு, ஜிந்த்ராவின் கையெழுத்து:
கேசட் முப்பத்து நான்கு. டிவிடி நாற்பத்தொன்று.
சாட்டிலைட் பதினாறு, அதன் கீழே இரண்டு கோடு.
கேமரா என்று எழுதி, எதிரே கேள்விக்குறி.

"ஒன்றுக்கொன்று ஒத்தே போவதில்லை, வெல்தா.
இதில் பதினாறு கூச்சல், அதில் நாற்பது முணுமுணுப்பு.
நேற்று ஐம்பத்திரண்டு வரை போனோம்.
என்ன சொல்கிறானென்று தெரியவில்லை,
வெறும் காற்று இரைச்சல்."

எனக்குக் கேட்டது என்றேன்.

காற்றைக் கான்கிரீட் தின்றுவிட்டிருக்கிறது,
குரலை மட்டும் கீழே விட்டிருக்கிறது.
என்ன என்று அவன் கேட்கவில்லை.
முதல் டிராமுக்கு நேரமாகியும்
படியிலேயே நின்றான்.
நானும் யாருடைய குரலென்று கேட்கவில்லை.

இரவு ஜிந்த்ரா வந்தாள், செருப்பைக் கையில் பிடித்து.
என் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து
கூரையைப் பார்த்தாள்,
பல் பிடுங்க வந்தவள் விளக்கைப் பார்ப்பதுபோல.
மேலே அவன் ஐம்பத்திரண்டில் வைத்தான்.
காற்று வந்தது. பிறகு அது வந்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை.
எழுந்து போய்க் குழாயருகே கரண்டியை எடுத்து
ஒரு தட்டு தட்டினாள்:
இன்னொரு தடவை.